முதலில் முற்றைத் தேடுங்கள்: மேல்நிலை மாணவர்களுக்கான ஆங்கில வாசிப்புப் பயிற்சி

[திரையில்: மேசைமேல் விரித்து வைத்த வினாத்தாள். ஆங்கில உரைப்பகுதியின்மேல் ஒரு பென்சில் மெதுவாக நகர்கிறது.]

வணக்கம். 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்காகவும் அவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்காகவும் இந்த வீடியோவைத் தயாரித்திருக்கிறேன். 'காம்ப்ரிஹென்ஷன்' என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் பகுதியில், முன்பின் பார்த்திராத ஓர் ஆங்கில உரைப்பகுதியைத் தந்து அதிலிருந்து வினாக்கள் கேட்கிறார்கள். சிபிஎஸ்இ 12ஆம் வகுப்பின் அண்மைக்கால வினாத்தாள் அமைப்பில், எழுத்துத் தேர்வுக்குரிய 80 மதிப்பெண்களில் 22 இந்த வாசிப்புப் பகுதிக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. மாநிலப் பாடத்திட்டத்திலும் பத்தியைப் படித்து விடையளித்தல், குறிப்பெடுத்தல், சுருக்கி எழுதுதல் எனப் பல வடிவங்களில் இதே திறன் சோதிக்கப்படுகிறது. இருந்தும், கைடை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்ய முடியாத பகுதி என்பதாலேயே, இதற்கென்று நேரம் ஒதுக்கிப் பயிற்சி எடுப்பவர்கள் மிகவும் குறைவு.

விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரு பழக்கத்தை நான் ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன். மாணவர் முதலில் வினாவைப் படிக்கிறார். அதிலுள்ள ஏதேனும் ஒரு சொல்லை உரைப்பகுதியில் தேடிப் பிடிக்கிறார். அந்தச் சொல் இருக்கும் வாக்கியத்தை அப்படியே விடைத்தாளில் எழுதி விடுகிறார். சில நேரங்களில் இதற்கு மதிப்பெண்ணும் கிடைத்துவிடுவதால் பழக்கம் வேரூன்றிப் போகிறது. வினாவில் உள்ள சொல் உரைப்பகுதியில் இல்லாமல், வேறொரு சொல்லால் அதே கருத்து சொல்லப்பட்டிருக்கும்போதுதான் அவருடைய பேனா நின்றுவிடுகிறது. இவ்வளவு நேரமும் அவர் செய்தது தேடல். வாசிப்பு இன்னும் தொடங்கவே இல்லை.

அவரைக் கேட்டால், "சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை, ஐயா" என்பார். அது ஓரளவு உண்மைதான். ஆனால் எல்லாச் சொற்களுக்கும் பொருள் எழுதிக் கொடுத்த பிறகும் வாக்கியம் விளங்காமல் தவித்த மாணவர்கள் என் வகுப்பில் பலர் இருந்திருக்கிறார்கள். நம் மாணவர்கள் சொற்களில் இடறுவதைக் காட்டிலும் வாக்கிய அமைப்பில்தான் அதிகம் இடறுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து. அதைச் சரிசெய்யும் கருவியும் தமிழ் இலக்கண வகுப்பில் அவர்கள் கைக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. முடியாமல் இன்னொரு சொல்லை எதிர்நோக்கி நிற்கும் எச்சம், வாக்கியத்தை முடித்துவைக்கும் வினையாகிய முற்று, எழுவாய், பயனிலை என்று நீங்கள் படித்தவைதாம் அந்தக் கருவி.

[திரையில்: மூன்று பத்திகள் கொண்ட ஆங்கில உரைப்பகுதி. ஓரத்தில் கடலாமையின் படம்.]

பயிற்சிக்காக நான் எழுதிய ஓர் உரைப்பகுதி திரையில் தெரிகிறது. சென்னைக் கடற்கரைக்கு வரும் ஆலிவ் ரிட்லி ஆமைகளைப் பற்றியது இது. நம் ஊரில் இவற்றைப் பங்குனி ஆமை என்பார்கள். ஆண்டின் முதல் மாதங்களில் இந்த ஆமைகள் இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டி, ஒரு குழிக்கு நூறு முட்டை அளவில் இட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன என்றும், தன்னார்வலர்கள் அந்த முட்டைகளைப் பொரிப்பகத்திற்கு மாற்றுகிறார்கள் என்றும் முதல் பத்தி சொல்கிறது. பொரிப்பகத்தால் எல்லா ஆபத்தும் நீங்கிவிடுவதில்லை என்பதை இரண்டாம் பத்தி விளக்குகிறது. மணலின் வெப்பம் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது என்று மூன்றாம் பத்தி கூறுகிறது.

முதல் பத்தியின் கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்: 'தி நெஸ்ட்ஸ் தட் தி வாலண்டியர்ஸ் ஃபைண்ட் பிஃபோர் டான் ஆர் மூவ்ட் டு தி ஹாச்சரி.' இதில் கடினமான சொல் என்று எதுவும் இல்லை. ஆனாலும், "தன்னார்வலர்கள் விடியற்காலையில் பொரிப்பகத்திற்கு மாற்றப்படுகிறார்கள்" என்று பொருள் கொள்ளும் மாணவர் இருப்பார். அவருடைய தவறுக்குக் காரணம் கவனக்குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தமிழில் ஒரு பெயரை விவரிக்கும் செய்தி முழுவதும் அந்தப் பெயருக்கு முன்னால் பெயரெச்சமாக வந்துவிடும்: 'தன்னார்வலர்கள் விடிவதற்குள் கண்டுபிடித்த கூடுகள்'. ஆங்கிலத்திலோ 'கூடுகள்' என்ற பெயர் முதலில் வந்துவிடுகிறது. 'தன்னார்வலர்கள் கண்டுபிடித்த' என்ற செய்தி அதன் பின்னால் தொடர்கிறது. தமிழ் மனம் எச்சத்தை முன்னால் எதிர்பார்க்கிறது என்பதால், பின்னால் வந்த 'ஃபைண்ட்' என்ற வினையையே முற்று என்று எடுத்துக்கொள்கிறது, அல்லது 'கூடுகள்' என்பதைவிட முற்றுக்கு அருகில் நிற்கும் 'தன்னார்வலர்கள்' என்ற பெயரை எழுவாயாகக் கொண்டுவிடுகிறது.

[திரையில்: அதே வாக்கியம். 'நெஸ்ட்ஸ்', 'ஆர் மூவ்ட்' ஆகிய இரண்டும் அடிக்கோடிடப்படுகின்றன. 'தட்' முதல் 'டான்' வரை உள்ள பகுதி வளைகோட்டுக்குள் செல்கிறது.]

ஆகவே நீண்ட வாக்கியத்தைக் கண்டால் முதலில் முற்றைத் தேடுங்கள். 'தட்', 'விச்', 'ஹூ' என்று தொடங்கும் பகுதி, நாம் பெயரெச்சம் என்று படித்தது செய்யும் வேலையைச் செய்கிறது. அதை வளைகோட்டுக்குள் வையுங்கள். மிஞ்சி நிற்கும் வினையே அந்த வாக்கியத்தின் முற்று. அந்த முற்றைப் பார்த்து "எது மாற்றப்படுகிறது?" என்று கேளுங்கள், கூடுகள் என்று விடை வரும். எழுவாயும் பயனிலையும் கைக்கு வந்துவிட்டால், வளைகோட்டுக்குள் வைத்ததை எடுத்து உரிய இடத்தில் சேர்த்துவிடலாம். செய்யுளில் சிதறிக் கிடக்கும் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறைகளை நன்னூல் 8 வகைப் பொருள்கோள்களாகப் பிரித்துச் சொல்கிறது. அவற்றுள் ஒன்றான கொண்டுகூட்டுப் பொருள்கோளைப் பழகிய ஒருவருக்கு ஓர் ஆங்கில வாக்கியத்தைக் கூட்டிப் படிப்பது எட்டாத வேலை ஆகாது. தமிழ் ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் இதைச் சேர்ந்து ஒரே வகுப்பில் நடத்த வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இரண்டாம் பத்திக்கு வருவோம். அது 'தோ' என்ற சொல்லோடு தொடங்குகிறது: பொரிப்பகம் முட்டைகளை நாய்களிடமிருந்து பாதுகாத்தாலும், அது எல்லா ஆபத்துகளையும் நீக்குவதில்லை. தமிழில் 'பாதுகாத்தாலும்' என்ற வினையின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'ஆலும்' செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் வாக்கியத்தின் வாசலிலேயே நிற்கும் 'தோ' செய்கிறது. வாசலில் நிற்பவரைக் கவனிக்காமல் உள்ளே போகும் மாணவர், பொரிப்பகத்தைப் புகழ்வதே இந்தப் பத்தியின் நோக்கம் என்று எண்ணிவிடுகிறார். 'தோ' வரும் வாக்கியத்தில் ஆசிரியர் வலியுறுத்த வந்த செய்தி பெரும்பாலும் அடுத்த பாதியில்தான் இருக்கும். 'ஹவெவர்', 'யெட்' ஆகியவற்றுக்குப் பின்னும் அப்படியே.

இதே பத்தியின் இறுதியில் உள்ள 'அன்லெஸ்' இன்னும் அதிகமாக ஏமாற்றும். கரையோர விளக்குகள் அணைக்கப்படாவிட்டால், யாரும் கண்டுபிடிக்காத கூடுகளில் பொரியும் குஞ்சுகள் சாலையை நோக்கிச் செல்லும் என்கிறது அந்த வாக்கியம். ஆங்கில வாக்கியத்தில் 'நாட்' என்ற எதிர்மறைச் சொல் எங்கும் இல்லை. எதிர்மறை முழுவதும் 'அன்லெஸ்' என்ற சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. அதை 'இஃப்' என்று படித்துவிட்டால், விளக்கை அணைத்தால் குஞ்சுகள் சாலைக்குப் போகும் என்று பொருள் தலைகீழாகிவிடும்.

[திரையில்: இரண்டாம் பத்தியில் 'இட்', 'தே' என்ற சொற்கள் வட்டமிடப்படுகின்றன. ஒவ்வொன்றிலிருந்தும் முன்னால் உள்ள ஒரு பெயருக்கு அம்புக்குறி செல்கிறது.]

சுட்டுப்பெயர்களில் தமிழ் நமக்கு வேறொரு வகையில் துணை நிற்கிறது. ஆங்கிலத்தில் 'தே' என்பது மனிதர்களையும் குறிக்கும், பொருள்களையும் விலங்குகளையும் குறிக்கும். தமிழில் 'அவர்கள்' என்றோ 'அவை' என்றோ தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு 'தே' வரும்போதும், "இது அவர்களா, அவையா?" என்று மனத்திற்குள் தமிழில் கேட்டுப் பாருங்கள். இந்தப் பத்தியில் 'தே' சாலையை அடைகிறது என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அது 'அவை' என்று முடிவானவுடன் தன்னார்வலர்கள் விலகிவிடுகிறார்கள். முட்டை, விளக்கு, குஞ்சு ஆகியவற்றுள் சாலையை அடையக்கூடியது எது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடுகிறது. வகுப்பில் தமிழைப் பயன்படுத்தினால் ஆங்கிலம் வளராது என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததற்கு இத்தகைய இடங்களே காரணம்.

இனி வினாக்கள். நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா ஒன்றை எடுத்துக்கொள்வோம்: உரைப்பகுதி ஆதரிக்கும் கூற்று எது?

[திரையில்: நான்கு கூற்றுகள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன.]

பொரிப்பகங்கள் ஆமைகளுக்கு இருந்த ஆபத்துகளை எல்லாம் நீக்கிவிட்டன என்கிறது முதல் கூற்று. இது 'தோ' என்ற சொல்லைக் கவனிக்காதவருக்காக வைத்த பொறி. இரண்டாவது, ஆலிவ் ரிட்லி ஆமைகள் இந்தியாவில் சட்டத்தால் பாதுகாக்கப்படுகின்றன என்பது. இது உண்மையான செய்திதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றுக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் நம் உரைப்பகுதியில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நன்றாகப் படிக்கும் மாணவர்களும், பொது அறிவு மிகுந்தவர்களும் விழும் இடம் இதுதான். வெப்பமான மணலில் பெண் குஞ்சுகள் மட்டுமே பொரியும் என்கிறது மூன்றாவது. வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகள் அதிகமாகும் என்று உரைப்பகுதி சொல்கிறது; 'மட்டுமே' என்பதை வினா தயாரித்தவர் சேர்த்துவிட்டார். கூடுகளில் உள்ள முட்டைகளைக் காப்பதோடு கரையோர வெளிச்சத்தையும் குறைக்க வேண்டியுள்ளது என்பது நான்காவது கூற்று. இந்தச் சொற்களில் ஒரு வாக்கியம் உரைப்பகுதியில் எங்கும் இல்லை. ஆயினும் இரண்டாம் பத்தி முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் கருத்து இதுவே. ஆகவே விடையும் இதுவே. சொல்லைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் உடையவர் நான்காவதை முதலிலேயே நீக்கிவிட்டிருப்பார்.

காரணம் கேட்கும் வினாக்களில் உரைப்பகுதி பாதியைச் சொல்லி, மீதியை நம்மிடம் விட்டுவிடும். குஞ்சுகள் வெளிச்சமான தொடுவானத்தை நோக்கிச் செல்லும் இயல்புடையவை என்று பத்தி சொல்கிறது. அந்த இயல்பு முற்காலத்தில் அவற்றுக்கு ஏன் தீங்கு செய்யவில்லை என்று வினா கேட்கிறது. விளக்குகள் இல்லாத கரையில், இரவில் நிலத்தைவிடக் கடற்பரப்பே வெளிச்சமாக இருந்தது என்பதை நீங்கள்தாம் ஊகித்து எழுத வேண்டும். இத்தகைய விடையை எழுதியபின், அதற்கு ஆதாரமான வரி எது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். காட்ட முடிந்தால் அது ஊகம். முடியாவிட்டால் அது உங்கள் கற்பனை.

சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிறர் உதவியின்றி ஓர் உரையைப் போதிய அளவு புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்று மார்செல்லா ஹூ, பால் நேஷன் ஆகியோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. 300 சொற்கள் கொண்ட உரைப்பகுதியில் 6 சொற்கள் மட்டும் தெரியாமல் இருக்கலாம் என்பது இதன் கணக்கு. எனவே பயிற்சிக்கு எடுக்கும் உரைப்பகுதியில் தெரியாத சொற்களை முதலில் எண்ணிப் பாருங்கள். முப்பது, நாற்பது என்று வந்தால் அதை எடுத்து வைத்துவிட்டு எளிதான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அகராதியைப் புரட்டிக்கொண்டே படிப்பது சொற்பயிற்சி ஆகலாம், வாசிப்புப் பயிற்சி ஆகாது.

[திரையில்: உயிரியல் பாடநூலின் தமிழ்ப் பதிப்பும் ஆங்கிலப் பதிப்பும் அருகருகே.]

எளிதான உரைக்கு எங்கே போவது? தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதுதான்: தமிழில் படித்து முடித்த அறிவியல், வரலாற்றுப் பாடங்களையே ஆங்கிலப் பதிப்பில் படியுங்கள். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் இரு மொழிகளிலும் அதே பாடங்களை வெளியிடுகிறது. செய்தி ஏற்கெனவே தெரிந்திருப்பதால், மனம் வாக்கிய அமைப்பைக் கவனிக்கத் தொடங்கும். அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி ஆகியோர் 64 மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய உரையைப் படிக்கக் கொடுத்துச் செய்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டத்தை நன்கு அறிந்திருந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். தெரிந்த பாடத்தில் தொடங்குவதைக் குறுக்குவழி என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

ஒரு நாளைக்கு ஓர் உரைப்பகுதி போதும். அதற்கு 20 நிமிடம் கொடுங்கள். ஒவ்வொரு பத்தியையும் படித்து முடித்ததும் தாளை மூடிவிட்டு, அது சொன்னதைத் தமிழில் ஒரே வாக்கியத்தில் உரக்கச் சொல்லுங்கள். சொல்ல வரவில்லை என்றால் வினாக்களுக்குப் போகாமல் மீண்டும் அந்தப் பத்தியைப் படியுங்கள். விடைகளைச் சரிபார்த்த பிறகு, தவறான ஒவ்வொரு விடைக்கும் எதிரே காரணத்தை எழுதுங்கள்: முற்றைத் தவறவிட்டேன், 'தே' யாரைக் குறிக்கிறது என்று பார்க்கவில்லை, உரையில் இல்லாததைச் சேர்த்தேன் என்பது போல. சில வாரங்களில் ஒரே காரணம் மீண்டும் மீண்டும் வருவதைக் காண்பீர்கள். பிறகு அந்த ஒன்றை மட்டும் குறிவைத்துப் பயிற்சி செய்யலாம். மதிப்பெண்ணை மட்டும் குறித்து வைக்கும் நோட்டில் இது தெரியவே தெரியாது.

[திரையில்: தேர்வறைச் சுவர்க் கடிகாரம்.]

தேர்வு நாளன்று வினாத்தாளைப் படிப்பதற்கென்றே மாநில வாரியத் தேர்வில் 10 நிமிடமும் சிபிஎஸ்இ தேர்வில் 15 நிமிடமும் தருகிறார்கள். தெரிந்த பாடங்களின் வினாக்களைப் பார்த்து மகிழ்வதில் பலர் அந்த நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். அந்த வினாக்கள் எங்கும் போய்விடாது. நீங்கள் பார்த்திராத உரைப்பகுதியை அப்போதே ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள். நீண்ட வாக்கியங்களில் முற்று எது என்று கண்ணாலேயே குறித்துக்கொள்ளுங்கள். எழுதும் நேரம் தொடங்கியபின் வினாக்களைப் படித்து, இரண்டாம் முறை உரைப்பகுதிக்குள் செல்லும்போது, எந்தச் செய்தி எந்தப் பத்தியில் இருக்கிறது என்பது உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

[திரையில்: ஆமை பற்றிய உரைப்பகுதியின் மூன்றாம் பத்தி மட்டும். கீழே ஒரு வினா.]

மூன்றாம் பத்தியை நான் விளக்காமல் விட்டிருக்கிறேன். சில பொரிப்பகங்களில் கூடுகளுக்கு மேல் நிழல் அமைப்பது ஏன் என்பதே அதற்குரிய வினா. வீடியோவை இங்கே நிறுத்திவிட்டு, முற்றுகளை அடிக்கோடிட்டு, விடையை உங்கள் சொற்களில் இரண்டு வாக்கியங்களாக எழுதுங்கள்; அதற்கு ஆதாரமான வரியின் எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள்.