சம்பங்கிக்குப் பட்டை போட்டது யார்?

வணக்கம் மக்களே. முதலில் இந்தப் படத்தைப் பாருங்கள். காம்போடு வாங்கிய வெள்ளைச் சம்பங்கி, பின்னால் எங்கள் வீட்டு ஹால் சுவர். நன்றாகத்தானே இருக்கிறது? இருங்கள், பெரிதாக்குகிறேன். தெரிகிறதா? குறுக்கே வரி வரியாக, திருநீற்றுப் பட்டை போட்ட மாதிரி. இதற்காக நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

புது கேமரா வந்த கதை போன வீடியோவில் பார்த்திருப்பீர்கள். நிக்கான் இசட்50 டூ, கூடவே வந்த 16-50 லென்ஸ். விலையைக் கேட்காதீர்கள், அம்மாவும் இந்த சேனலைப் பார்க்கிறார். வாங்கி ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் படத்தில் பட்டை விழுந்தால் எப்படி இருக்கும்? உள்ளே படத்தைப் பதிகிற சென்சார் போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன். பில்லைத் தேடி, அட்டைப் பெட்டியைத் தேடி, பெட்டிக்குள் அம்மா பழைய ஸ்வெட்டரைத் திணித்து வைத்திருந்ததைக் கண்டுபிடித்து, அது ஒரு தனிச் சண்டை.

கடைசியில் யார் குற்றவாளி என்றால், தலைக்கு மேலே தொங்குகிற எல்இடி டியூப்லைட்! நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் மட்டமான எல்இடி ஒரு வினாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரியும், கண்ணுக்குத் தெரியாது. நான் வைத்திருந்தது சத்தமே வராத சைலன்ட் மோட். அதில் சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிக்கும். ஷட்டர் வேகம் வேறு 1/500 வினாடி, அதாவது ஒவ்வொரு வரிக்கும் வெளிச்சம் விழுகிற நேரம் அவ்வளவுதான். லைட் மங்கும்போது படித்த வரி இருட்டு, எரியும்போது படித்த வரி வெளிச்சம். பட்டை ரெடி.

சைலன்ட் எதற்கு என்பீர்கள். அம்மா மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை தூங்குவார். என் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவின் 'டடக்' சத்தத்துக்கு எழுந்து வந்து திட்டியதை நீங்களே கேட்டிருக்கிறீர்கள். சரி, வேகத்தை 1/100க்கு இறக்கினேன். பட்டை மாயம்! 1/50-லும் வராது. ஒவ்வொரு வரிக்கும் லைட் மங்கி எரிகிற முழுச் சுற்றின் வெளிச்சமும் கிடைத்துவிடுகிறது, அவ்வளவுதான். இதற்கா நான் ஸ்வெட்டர் சண்டை போட்டேன்?

அதன் பிறகு டியூப்லைட்டே வேண்டாம் என்று ஜன்னலுக்கு வந்துவிட்டேன். இதில்தான் என் சாதனை. வெயில் நேராக அடித்தால் இதழ் வெளுத்துப்போகும். அப்பாவின் நாலு முழ வேட்டியை ஒற்றையாக ஜன்னலில் கட்டினேன், எதிர்ப்பக்கம் வெளிச்சத்தைப் பூ மேல் திருப்பிவிட டிவி பெட்டியில் வந்த தெர்மாகோல். செலவு பூஜ்யம். இதே வேலைக்கு, மடிப்பதே பெரும் போராட்டமாக இருக்கும் அந்த வட்ட ரிஃப்ளெக்டரை 900 ரூபாய் கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. ஒரே ஒரு சிக்கல், வேட்டி நீலம் போட்டுத் துவைத்தது. சம்பங்கி லேசாக நீலம் தட்டியது. பூ இருக்கிற இடத்திலேயே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து வொயிட் பேலன்ஸ் எடுத்ததும், அதாவது இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டியதும், சரியாகிவிட்டது.

அட, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஃபேன்! ஃபேன் ஓடினால் பூ ஆடும், 1/100 எல்லாம் தாங்காது. சென்னையில், மதியம் இரண்டு மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு நிற்கிறேன். வியூஃபைண்டரில் கண்ணை வைத்தால் நெற்றி வேர்வை கேமரா மேல் சொட்டுகிறது. ஸ்டாண்டில் வைத்து, இரண்டு வினாடி டைமர் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த படங்கள் இவை.

இப்போது ஜெர்பெரா. கோயம்பேட்டில் போன வாரம் பத்துப் பூக் கட்டு 60 ரூபாய். இந்த வாரம் 140! கேட்டால் "நாளைக்கு முகூர்த்தம் சார்" என்கிறார் பூக்காரர். 120 என்றேன், அசையவில்லை. 130 என்றேன், கட்டைத் திரும்ப வாளியில் வைத்துவிட்டார். நான் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தேன், அவர் கூப்பிடவே இல்லை. 140 கொடுத்துத்தான் வாங்கினேன். ஒவ்வொரு பூவுக்கும் பாலிதீன் குல்லா போட்டிருந்தார்கள், அதைச் சொல்லியாக வேண்டும், ஒரு இதழ்கூட மடங்கவில்லை.

வாங்கினால் குடுவை நிறையத் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஜெர்பெராவின் காம்பு உள்ளே வெற்றாக இருக்கும், சீக்கிரம் அழுகித் தலை தொங்கிவிடும். இரண்டு அங்குலம் போதும், தினமும் மாற்றுங்கள்.

இதன் நடுப்பகுதியைப் பாருங்கள். ஒரே பூ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சூரியகாந்திக் குடும்பம், நடுவில் இருப்பதெல்லாம் தனித்தனிக் குட்டிப் பூக்கள். ஓரத்தில் இருப்பவை விரிந்து மகரந்தத்தை நீட்டுகின்றன, மையத்தில் இருப்பவை இன்னும் மொட்டு, எள் எள்ளாக. இந்த லென்ஸ் 50 மி.மீ.யில் 30 செ.மீ.க்குக் கிட்டே போனால் ஃபோகஸ் ஆகாது. இவ்வளவு தெரிவதே, எடுத்ததை வெட்டிப் பெரிதாக்கியதால்தான். மேக்ரோ லென்ஸ் ஆசை வந்துவிட்டது. அம்மா, இதைக் கேட்காதே.

சிவப்பு ஜெர்பெராவில் ஒரு விஷயம். கேமரா ஸ்க்ரீனில் அருமையாகத் தெரியும், கம்ப்யூட்டரில் போட்டால் இதழின் நரம்பெல்லாம் போய் சிவப்பு பெயின்ட் ஊற்றிய மாதிரி இருக்கும். சிவப்பு மட்டும் தனியாக நிரம்பி வழிந்திருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவையும் தனித்தனி மேடாகக் காட்டுகிற ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமில் சிவப்பு மேடு வலது ஓரத்தை முட்டுகிறதா என்று பார்த்து, வெளிச்ச அளவை மைனஸ் 0.7 வைத்தேன். நரம்பு திரும்ப வந்தது.

ஸ்ப்ரேயர் பற்றி யாரும் பேச வேண்டாம். ஹாலில் சோபா பக்கத்தில் இருக்கிற பூவுக்குப் பனித்துளி எங்கிருந்து வரும்? தண்ணீரில் கிளிசரின் கலந்து தெளிக்கிறவர்களோடு எனக்குப் பேச்சே கிடையாது.

சரி, மணி நான்கு. அம்மா எழுந்துவிட்டார், ஃபேன் போட்டாகிவிட்டது. சம்பங்கி சாமி படத்துக்குப் போய்விட்டது. ஜெர்பெராவைக் கையில் வைத்துக்கொண்டு, "வாசனையே இல்லை, இதற்கா 140?" என்று கேட்கிறார். விலையை யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை.