யாழ்ப்பாணத்து வீடும் விடுமுறை விருந்தினரும்

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் பூட்டிக் கிடக்கும் அப்பா அம்மாவின் வீட்டைத் திருத்தி, விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடலாமா என்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கேட்கிறவர்கள் இப்போது அதிகம். தாராளமாக விடலாம். அப்படியான வீடுகளுக்குத் தளபாடம் வாங்கிப் போட்டு, ஆட்கள் வந்து போவதையும் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. கேட்கிறவர்கள் முதலில் சுவர் நிறத்தையும் சோபாவையும் பற்றிப் பேசுவார்கள். நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யார் வந்து தங்கப் போகிறார்கள்?

2014இல் யாழ்தேவி ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கியது. 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமாகியது, 2023இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. இப்படி வருகிற வழிகள் கூடிவிட்டன, ஆனால் வீட்டை எடுத்துத் தங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அந்த நேரம் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் ஒரு வகை. அம்மம்மாவும் வருவார், கைக்குழந்தையும் வரும். மற்ற வகை, நயினாதீவு விகாரைக்குப் போக வான் பிடித்துத் தெற்கிலிருந்து வருகிற சிங்களக் குடும்பங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், ஒரு இரவு. இவர்களுக்குக் கண்ணாடி மேசையும் பூச்சாடியும் வேண்டாம். நிலத்தில் விரிக்க மடிப்பு மெத்தை நாலைந்தும், இரண்டாவது குளியலறையும், வான் நிற்க முற்றத்தில் இடமும் இருந்தால் அடுத்த முறையும் உங்கள் வீட்டுக்கே வருவார்கள். வெள்ளைக்காரர்களும் வருகிறார்கள். அவர்கள் விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரையைக் கண்டால் அதிலேயே பாதி நாளைப் போக்கிவிடுவார்கள்.

கதிரை என்றதும் மரத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். கொன்ரெய்னரில் சோபாவும் கட்டிலும் ஏற்றி அனுப்புகிறவர்களுக்கு நான் கைகூப்பிச் சொல்வது, அனுப்பாதீர்கள். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை நம் மாரி மழையில் ஊதி உப்பிவிடும். பளபளப்புத் தாளை ஒட்டியிருப்பதால் வெளியே தெரியாது, கதவு மூடாமல் போகும்போதுதான் தெரியும். போதாததற்குக் கறையான். தோல் சோபாவில் சித்திரை மாதத்து மத்தியானம் இருந்து பார்த்தவர்கள் இரண்டாம் முறை இருக்கமாட்டார்கள். தாத்தா காலத்து முதிரைக் கட்டிலும் பாலை மர அலுமாரியும் பின்னறையில் தூசி பிடித்துக் கிடக்கும். ஒரு நல்ல தச்சரைக் கொண்டு அவற்றை இழைத்து வார்னிஷ் அடித்து எடுங்கள். போதாததை வேம்பில் புதிதாகச் செய்விக்கலாம். நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீட்டின் சிவப்புச் சீமெந்து நிலத்தின் மேல் வெள்ளை ரைல்ஸ் பதித்துவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரியும். அந்த நிலத்துக்குப் பொலிஷ் போட்டுத் தேய்த்தால் போதும். பாதத்துக்கும் குளிர்ச்சி. ரைல்ஸ்தான் வேண்டுமென்றால் சொரசொரப்பானதைப் போடுங்கள். கிணற்றடியிலிருந்து ஈரக் காலோடு வருகிற அம்மம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கிணறு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அதில் ஊறி வருகிற தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாம். குளியலறையில் கண்ணாடித் தடுப்பு வைத்தால் மாதம் முடிய முன்னரே வெள்ளைத் திட்டுப் படிந்துவிடும். தேசிக்காய்ப் புளி விட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சுத்தம் செய்கிறவருக்குக் கை ஓய்ந்துவிடும். சாதாரணத் திரைச்சீலை போதும். ஷவரின் முகப்பு கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்கட்டும், துளைகள் அடைத்துக்கொண்டே இருக்கும். ஒரு வாளியும் கோப்பையும் கட்டாயம் வையுங்கள். கடலோரத்தில், பருத்தித்துறை, காங்கேசன்துறைப் பக்கம் என்றால் உப்புக் காற்று இரும்புக் கொளுக்கி, பிணைச்சல் எல்லாவற்றையும் தின்றுவிடும். அங்கே பித்தளைதான் நிலைக்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். கனடாவில் 120 வோல்ட், இங்கே 230. அங்கிருந்து ஆசையாகக் கொண்டுவந்த கேத்தல் சுவிட்ச் போட்ட கணமே புகைந்துபோகும். லண்டன்காரருக்கு இந்தக் கவலை இல்லை. 2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. இப்போது அந்த நிலை இல்லை, ஆனாலும் ஏசியை மட்டும் நம்பி யன்னலைத் திறக்க முடியாதபடி அடைத்துவிடாதீர்கள். சோழகக் காற்றுக்குத் தென்மேற்குப் பக்க யன்னல் ஒன்று திறந்தால் அறை தானாகக் குளிரும். புழுதியும் வரும், அதற்கு நுளம்பு வலை கொஞ்சம் உதவும். அந்த வலையில் சிக்கனம் வேண்டாம். மாரி முடிகிற மார்கழி, தையில் இங்கே டெங்கு கூடும். பூச்சாடிக்குக் கீழே தண்ணீர்த் தட்டு வைக்கிற அலங்காரமெல்லாம் அந்த நேரத்தில் நுளம்புக்குத்தான் வசதி.

குசினியில் கோப்பி இயந்திரம் வேண்டாம். தேங்காய் துருவலை, இடியப்ப உரல், தட்டு, புட்டுக்கு நீத்துப்பெட்டி, இவை இருந்தால் அம்மம்மா வந்த இரவே சமையல் தொடங்கிவிடுவார். சட்டி பானை இரண்டு தொகுதி வாங்கி, மரக்கறிக்கு உரியதைத் தனி அலுமாரியில் எழுதி ஒட்டி வையுங்கள். நல்லூர்க் காலத்தில் விரதம் இருக்கிறவர்கள், முந்தின வாரம் யாரோ நண்டு காய்ச்சிய சட்டியைத் தொடமாட்டார்கள்.

இனி, கொஞ்சம் சங்கடமான விஷயம். மாலை போட்ட அப்பாவின் படம் மண்டபத்தில் தொங்கும். எடுக்க மனம் வராது. நானும் எடுங்கள் என்று சொல்வதில்லை, இடம் மாற்றுங்கள் என்கிறேன். ஒரு அறையை உங்களுக்கென்று வைத்துப் பூட்டி, படம், உறுதிக் கடதாசி, அம்மாவின் சேலைப் பெட்டி எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோங்கள். சாமியறையையும் பூட்டுவதே நல்லது. விளக்கேற்ற விரும்புகிற விருந்தினருக்கு விறாந்தை மூலையில் ஒரு சின்னத் தட்டும் குத்துவிளக்கும் போதும். இதை ஏற்க முடியாதவர்கள் வீட்டை வாடகைக்கு விடாமல் இருப்பதுதான் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

பதிவு பற்றி ஒரு வார்த்தை. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யும்போது என்னென்ன கேட்பார்கள் என்று முதலே பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வாங்கிய பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

கடைசியாக, வீட்டைச் சுத்தம் செய்ய வருகிற அக்காவைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். கட்டிலுக்கும் அலுமாரிக்கும் கீழே விளக்குமாறு போகவேண்டும். படுக்கை விரிப்பு வெள்ளையாக இருக்கட்டும், வெளுக்கப் போடலாம். துவாய் மட்டும் கடும் நிறத்தில் வாங்குங்கள், குங்குமமும் மஞ்சளும் சந்தனமும் அதில்தான் துடைக்கப்படும். நல்லெண்ணெய் வைத்த தலைக்குத் தலையணையின் மேல் உள்ளுறை ஒன்று வேண்டும். விரிப்பு, கட்டிலுக்கு மூன்று சோடி: ஒன்று கட்டிலில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். ஐப்பசி, கார்த்திகையில் கொடியில் போட்டது காயவே காயாது, அதனால் நாலாவது சோடியும் வாங்கிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.