எலியின் நுரையீரலில் பதிவாகும் மண்

நேயர்களுக்கு வணக்கம். காட்டு விலங்கு ஒன்றின் உடலில் நோய்க்கிருமி கண்டுபிடிக்கப்பட்டால், நமக்கும் நோயைக் கொடுப்பது அதுவே என்று அந்த விலங்கின் மீது பழி போட்டுவிடுகிறோம். நுரையீரலைத் தாக்கும் மண் பூஞ்சைகளைப் பொறுத்தவரை இந்தப் பழி பொருந்தாது. எலிக்கும் நமக்கும் அவை மண்ணிலிருந்து எழும் தூசியின் வழியாகவே வந்து சேர்கின்றன. விலங்குகளின் நுரையீரல் திசுக்களை நெடுங்காலம் ஆராய்ந்துவரும் நான், இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன்.

1942-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பூஞ்சையியல் அறிஞர் செஸ்டர் எம்மன்ஸும் அவருடைய சக ஆய்வாளர் ஆஷ்பர்னும், பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும் பூஞ்சை நோய் குறித்த ஆய்வுக்காக, அரிசோனாவின் வறண்ட நிலத்தில் பிடிபட்ட காட்டு எலிகளின் நுரையீரல்களைச் சோதித்தார்கள். தேடிய பூஞ்சை கிடைத்தது. கூடவே தேடாத இன்னொன்றும் கிடைத்தது. பிற்காலத்தில் எம்மன்ஸின் பெயராலேயே எம்மோன்சியா என்று வழங்கப்பட்ட பூஞ்சை அது.

அந்தப் பூஞ்சை தொற்றிய எலியின் நுரையீரலில் வெண்சாம்பல் நிறப் புள்ளிகள் வெறும் கண்ணுக்கே தெரியும். காசநோயோ, ஒட்டுண்ணியோ என்று முதலில் ஐயம் எழும். நுண்ணோக்கியில் வைத்தால் தடித்த சுவருள்ள ஓர் உருண்டை தெரிகிறது. உள்ளே பெரும்பாலும் வெறுமை, வெளியே அதைச் சுற்றி வளைத்து நிற்கும் உடலின் தற்காப்புச் செல்கள். பூஞ்சையின் வித்துதான் இந்த உருண்டை. மூச்சோடு உள்ளே போகும்போது அந்த வித்தின் குறுக்களவு சுமார் நான்கு மைக்ரான்தான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடலின் வெப்பத்தில் அது வீங்கி நானூறு மைக்ரான் வரை வளரக்கூடும். ஒரு கடுகு கால்பந்தாக மாறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளளவில் இது பத்து லட்சம் மடங்கு.

இவ்வளவு பெருத்தாலும் அது உடலுக்குள் பெருகுவதில்லை என்பதுதான் எனக்கு இன்றும் வியப்பு. ஒன்று இரண்டாவதில்லை, முளைவிடுவதில்லை, அடுத்த விலங்கிற்குத் தாவுவதுமில்லை. எத்தனை வித்துகள் உள்ளே சென்று தங்கினவோ, அத்தனை உருண்டைகளே இருக்கும். ஆகவே மண்ணைத் தோண்டி வாழும் ஒரு காட்டு எலியின் நுரையீரலில் இந்த உருண்டைகளை எண்ணுவது, அது சுவாசித்த தூசியின் கணக்கேட்டைப் படிப்பது போன்றதே. அந்த விலங்கு இறந்து உடல் மக்கியபின் பூஞ்சை மீண்டும் மண்ணில் இழையாக வளரலாம். அகழெலி, முள்ளெலி, நரி, நீர்நாய் எனப் பல பாலூட்டிகளிடம் இதைக் கண்டிருக்கிறார்கள்.

மனிதருக்கு இது மிக அரிதாகவே வருகிறது. வந்தாலும் பலருக்குத் தானாக அடங்கிவிடுகிறது. மிகுந்த தூசியை ஒரே மூச்சாகச் சுவாசித்தவருக்கு மட்டும் இருமலும் மூச்சுத் திணறலும் வரலாம். அப்போது எக்ஸ்ரே படத்தில் இரு நுரையீரல்களிலும் சிறு புள்ளிகள் பரவித் தெரிவதால், காசநோய் என்று கருதிச் சிகிச்சை தொடங்கப்படுவதுண்டு. திசுவை எடுத்துச் சோதித்தால்தான் உண்மை தெரியவரும். இருமலுக்காக மருத்துவரிடம் செல்பவர், தாம் அண்மையில் தோண்டியதையும் இடித்ததையும் கூட்டியதையும் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நோயாளிகள் பொதுவாகச் சொல்லாமல் விடுவதும் இதைத்தான்.

எம்மன்ஸ் தேடிய பள்ளத்தாக்குக் காய்ச்சலின் பூஞ்சையோ உடலுக்குள் பெருகக்கூடியது. 1994-ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் மலைச்சரிவுகள் சரிந்து தூசி எழுந்ததையடுத்து, வெஞ்சுரா மாவட்டத்தில் 203 பேருக்கு அந்நோய் கண்டறியப்பட்டது, மூவர் இறந்தனர். அதே மாநிலக் கடலோரத்தில் வாழும் கடல் நீர்நாய்களும் இந்நோயால் இறந்திருக்கின்றன. கடலில் வாழும் உயிரைக்கூட நிலத்துத் தூசி விட்டுவைக்கவில்லை.

நேரம் நெருங்கிவிட்டது, நிமோனியாவை உண்டாக்கும் நியூமோசிஸ்டிஸ் என்னும் நுண்ணுயிர் பற்றிச் சொல்ல வைத்திருந்ததைச் சுருக்க வேண்டியிருக்கிறது. இது மண் பூஞ்சைகளின் கதைக்கு நேர்மாறானது: எலிக்கு ஓர் இனம், மனிதருக்கு வேறோர் இனம், ஒன்றின் இனம் மற்றொன்றைத் தொற்றுவதில்லை. 1981-இல் லாஸ் ஏஞ்சலிஸில் ஐந்து இளைஞர்களிடம் கண்ட இந்த நிமோனியாதான் எய்ட்ஸ் நோயின் முதல் அறிவிப்பாக அமைந்தது. அப்போதுகூட அதை ஒருசெல் விலங்கு என்றே கருதியிருந்தனர். பூஞ்சை என்று மரபணு ஆய்வு காட்டியது 1988-இல். நன்றி, வணக்கம்.