ஊருக்கு ஒரு மையர்

வணக்கம், நேயர்களே. எனக்குக் கொடுத்திருக்கும் பதினைந்து நிமிடத்தையும் ஒரே ஒரு பெயருக்குச் செலவழிக்கப் போகிறேன். அந்தப் பெயர் மையர். ஜெர்மானியர்களின் குடும்பப் பெயர்களில் ஒன்று. ஜெர்மன் மொழி கற்பித்தே காலம் தள்ளியவன் நான். இலக்கணப் பாடத்தில் மாணவர்கள் தூங்கி விழுந்தால் குடும்பப் பெயர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன், உடனே விழித்துக்கொள்வார்கள். அவர்கள் எல்லாம் படித்து முடித்துப் போய்விட்டார்கள். எனக்கு அந்தப் பழக்கம் போகவில்லை.

நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ என்ற கட்டத்தைப் பார்த்து விழிக்காத தமிழர்கள் குறைவு. ஜெர்மானியர் கதை வேறு. பெரும்பாலான குடும்பப் பெயர்கள் 12ஆம் நூற்றாண்டுக்கும் 15ஆம் நூற்றாண்டுக்கும் இடையில் ஒட்டிக்கொண்டவை. அன்று ஒட்டியது இன்றுவரை பேரன், கொள்ளுப்பேரன் என்று இறங்கி வந்துகொண்டே இருக்கிறது.

அதிகம் பேருக்கு இருக்கும் பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். ம்யூலர், மாவு அரைப்பவர். ஷ்மிட், கொல்லர். ஷ்னைடர், தையல்காரர். ஃபிஷர், மீனவர். வேபர், நெசவாளர். வாக்னர், வண்டி செய்பவர். பெக்கர், ரொட்டி சுடுபவர். எல்லாம் தொழில். நம்முடைய மையரும் இந்த வரிசையில்தான் வருகிறார், முதல் பத்துக்குள்.

மையர் என்ன தொழில் செய்தார்? தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மிராசுதார் வீட்டில் காரியக்காரர் என்று ஒருவர் இருப்பார் அல்லவா? நிலம் அவருடையது அல்ல. ஆனால் ஆள் விடுவது, களத்தில் நெல் அளப்பது, பாக்கி வசூலிப்பது எல்லாம் அவர் கையில். அவர்தான் மையர். லத்தீனில் ‘மையோர்’, பெரியவர். பிரபுவுக்கோ மடத்துக்கோ சொந்தமான பண்ணையில் அவருக்காக நிர்வாகம் பார்த்தவர். சுற்றியிருந்த குடியானவர்கள் கொண்டுவரும் தானியம், கோழி, முட்டை, பன்றி எல்லாவற்றையும் வாங்கிக் கணக்குப் பார்த்து மேலே அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு.

சுமார் 800ஆம் ஆண்டில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியை ஆண்ட சார்லமேன் பேரரசரின் அரண்மனை, அரச பண்ணைகளுக்காக 70 விதிகளை வகுத்தது. அதில் மையோர்களைப் பற்றி இரண்டு விதிகள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, ஒரே நாளில் சுற்றிப் பார்த்துவிடக்கூடிய அளவுக்கு மேல் ஒரு மையோரிடம் நிலத்தை ஒப்படைக்கக் கூடாது. இரண்டாவது, செல்வாக்குள்ள ஆட்களை இந்த வேலைக்குப் போடவே கூடாது. நடுத்தரமான, விசுவாசமான ஆட்களையே போட வேண்டும். பேரரசருக்கு மனிதர்களைத் தெரிந்திருக்கிறது. பெரிய ஆளை வைத்தால் பண்ணையையே விழுங்கிவிடுவான் என்ற பயம்தான்.

இந்த இரண்டு விதிகளையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு நாளில் சுற்றி வரக்கூடிய நிலத்துக்கு ஒரு மையர். அப்படியானால் நாடு முழுக்க எத்தனை மையர்கள்! ஆனால் ஓர் ஊரில் ஒருவர்தான். இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். இன்று நான் சொல்ல வந்ததே இதுதான். ஒரு பெயர் நாட்டில் மிகுதியாகப் பரவ வேண்டுமானால், அது ஊருக்குள் அபூர்வமாக இருந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கிராமத்தில் பெரும்பாலோர் உழவர்கள். தெருவில் நின்று ‘உழவரே’ என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பது? ஜெர்மன் மொழியில் பவுவர் என்றால் உழவர். அந்தக் குடும்பப் பெயரும் இருக்கிறது. ஆனால் முதல் பத்தில் இல்லை. ஊரில் முக்கால்வாசிப் பேர் செய்த தொழில் பட்டியலில் பின்னால் நிற்கிறது. ஊருக்கு ஒரே ஒரு மாவு ஆலை என்பதால் ம்யூலர் முதல் இடத்தில் நிற்கிறார். ஊருக்கு ஒரு கொல்லர், ஒரு மையர். மறுபடியும் சொல்கிறேன், இப்போதுதான் வானொலியைத் திருப்பியவர்களுக்காக: ஊருக்குள் ஒருவர், அதனால் நாடு முழுக்கப் பல்லாயிரம் பேர்.

இனி எழுத்துக்கூட்டு. வானொலியில் இதைச் சொல்வது பெரிய கஷ்டம், ஏனென்றால் காதுக்கு எல்லாமே மையர்தான். தமிழில் எழுதினாலும் மையர்தான். ரோமன் எழுத்தில் எழுதும்போதுதான் குடும்பம் நாலாகப் பிரிகிறது. எம்முக்கும் கடைசி ஆருக்கும் நடுவில் இ, ஒய், இ போடுபவர்கள் ஒரு கூட்டம். இ, ஐ, இ போடுபவர்கள் இன்னொரு கூட்டம். ஏ, ஐ, இ மூன்றாவது. ஏ, ஒய், இ நான்காவது. ஏ, ஒய் மட்டும் போட்டுக் கடைசி இ-யை விட்டுவிடும் சிக்கனக்காரர்களும் உண்டு. ஜெர்மனியில் தொலைபேசியில் ‘நான் மையர் பேசுகிறேன்’ என்று சொல்பவர் அதோடு நிறுத்திக்கொள்வதில்லை. ‘ஒய் போடும் மையர்’ என்றோ, ‘ஏ, ஐ போடும் மையர்’ என்றோ அடுத்த மூச்சில் சொல்லிவிடுவார்.

இதில் ஒழுங்கே கிடையாது என்று நினைக்காதீர்கள். மனத்தில் ஜெர்மனியை வரைந்துகொள்ளுங்கள். வடக்கே கடல், தெற்கே ஆல்ப்ஸ் மலை. வடக்கில், குறிப்பாக ஹனோவர் இருக்கும் கீழ் சாக்சனியில், இ, ஒய். தென்மேற்கில், ஸ்டுட்கார்ட் பக்கம், ஏ, ஒய், இ மிகுதி. அங்கேயும் தென்கிழக்கே பவேரியாவிலும் ஏ, ஐ தாராளம். கடைசி இ இல்லாதவர்கள் ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் ஆஸ்திரியாவிலும். புகழ்பெற்றவர்களையே எடுத்துக்கொள்வோம். மெண்டலீவோடு ஒரே காலத்தில் தனிம வரிசை அட்டவணை போட்ட லோதர் மையர், வடகடல் பக்கத்து வாரெல் ஊர்க்காரர்: இ, ஒய். ஆற்றல் அழிவதில்லை என்று 1842இல் எழுதிய மருத்துவர் ராபர்ட் மையர் தென்மேற்கே ஹைல்ப்ரோன்: ஏ, ஒய், இ. 1974இல் உலகக் கோப்பை வென்ற மேற்கு ஜெர்மன் கால்பந்து அணியின் கோல்கீப்பர் செப் மையர் பவேரியாக்காரர்: ஏ, ஐ. நூறு வயது வாழ்ந்த உயிரியலாளர் எர்ன்ஸ்ட் மையர், ஆல்ப்ஸ் அருகே கெம்ப்டனில் பிறந்தவர்: ஏ, ஒய், கடைசி இ கிடையாது. அச்சடித்த மாதிரி வந்துவிட்டது. வராத ஆட்களும் உண்டு; அவர்களை நான் வசதியாக விட்டுவிட்டேன்.

எழுத்து ஏன் மாறியது? எழுதியவர் கைதான் காரணம். பாதிரியார் ஞானஸ்நானப் பதிவேட்டில் தன் வட்டார வழக்கப்படி எழுதினார். பவேரியாவிலும், ஸ்டுட்கார்ட் பக்கத்து ஸ்வாபியாவிலும் அந்த ஒலிக்கு ஏ, ஐ எழுதுவது மரபு. அப்பா ஒரு மாதிரி, மகன் ஒரு மாதிரி எழுதினாலும் யாரும் கவலைப்படவில்லை. அன்றைய ஜெர்மனியின் மிகப் பெரிய அரசான பிரஷ்யாவில் 1874இலும், ஜெர்மன் பேரரசு முழுவதும் 1876 ஜனவரி 1 முதலும் அரசுப் பதிவு அலுவலகங்கள் வந்தன. அன்று ஏட்டில் ஏறிய எழுத்து ஏறியதுதான். எழுத்தர் போட்ட ஓர் எழுத்து இன்று அந்தக் குடும்பத்தின் மானப் பிரச்சினை.

இதையெல்லாம் எப்படிக் கணக்கெடுத்தார்கள்? தொலைபேசிப் புத்தகம்தான்! ஃப்ரைபுர்க், மைன்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டின் வீட்டுத் தொலைபேசி இணைப்புகளை, சுமார் 2 கோடி 80 லட்சம் பெயர்களை, வரைபடத்தில் ஏற்றினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கிழக்கிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் அகதிகளாகப் பெயர்ந்த நாடு அது. அப்படியும் பழைய பெயர்கள் பழைய இடத்திலேயே அடர்ந்து நிற்கின்றன. கிழக்கு ஜெர்மனியில் மையர் மெலிந்துவிடுகிறார். ஜெர்மானியர்கள் பிற்பாடு போய்க் குடியேறிய பகுதியான அங்கே பழைய பண்ணை முறை வேர்விடவில்லை. ஊர்த்தலைவர்தான் பெரிய மனிதர். அவர் பெயர் ஷூல்ட்ஸ். மையர் மெலிகிற இடத்தில் ஷூல்ட்ஸ் தடிக்கிறார்.

பவேரியாவில் இன்னொரு வேடிக்கை. பண்ணையின் அளவை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். முழுப் பண்ணை வைத்திருந்தவர் மையர், அரைப் பண்ணை ஹூபர், கால் பண்ணை லேனர், அதற்கும் கீழே துண்டு நிலக்காரர் ஸோல்ட்னர். இவை நாலும் இன்றைக்கும் குடும்பப் பெயர்கள். பண்ணை பங்கு பிரிந்தால் மேல் மையர், கீழ் மையர், புது மையர்: ஓபர்மையர், நீடர்மையர், நொய்மையர்.

வடமேற்கே வெஸ்ட்ஃபாலியா, லிப்பே பகுதிகளில் பெயர் ஆளுக்கே சொந்தமில்லை, பண்ணைக்குச் சொந்தம். வேபர் என்ற இளைஞன் மையர் பண்ணையின் வாரிசுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டோடு போனால் அவன் மையர் ஆகிவிடுவான். பிள்ளைகளும் மையர்தான். அவனுடைய தம்பி இன்னொரு பண்ணையில் மாப்பிள்ளையானால் தம்பிக்கு வேறு பெயர். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேர், இரண்டு குடும்பப் பெயர். தேவாலயப் பதிவேட்டில் ‘வேபர், மையர் எனப்படுபவர்’ என்று எழுதியிருக்கும். 1822இல் பிரஷ்ய மன்னர், அனுமதி இல்லாமல் யாரும் பெயர் மாற்றக் கூடாது என்று ஆணை போட்டார். கிராமம் அதை அவ்வளவு சுலபத்தில் காதில் வாங்கவில்லை. வம்சாவளி தேடும் ஜெர்மானியர் தலையில் கைவைத்துக்கொள்வது இந்தப் பகுதிக்கு வரும்போதுதான். ‘நாங்கள் பரம்பரை மையர்’ என்று சொல்பவருடைய மூதாதை பண்ணையை நிர்வகித்தவரா, பண்ணையில் பெண் எடுத்தவரா என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது.

இப்போது எனக்குப் பிடித்த கதை. நேரத்தைப் பார்க்காமல் சொல்கிறேன். நடுத்தர ஆளாகப் பார்த்து மையர் ஆக்குங்கள் என்று சார்லமேன் சொன்னார் அல்லவா? அது நெடுநாள் நடக்கவில்லை. 11ஆம் நூற்றாண்டில் சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால்லன் மடத்தில் எக்கேஹார்ட் என்ற துறவி மடத்து வரலாற்றை எழுதினார். அதில் மடத்துப் பண்ணை மையர்கள் மீது ஒரே புலம்பல். பளபளவென்று தேய்த்த கேடயமும் ஆயுதமும் ஏந்தத் தொடங்கிவிட்டார்கள். மற்ற ஊர்க்காரர்களிலிருந்து வேறுபட்ட ஒலியில் கொம்பு ஊதக் கற்றுக்கொண்டார்கள். முயல் பிடிக்க நாய் வளர்த்தவர்கள் இப்போது கரடிக்கும் காட்டுப்பன்றிக்கும் நாய் வளர்க்கிறார்கள் என்கிறார். காரியக்காரருக்குப் பிரபு ஆகும் ஆசை வந்துவிட்டது. கொம்பு ஊதும் விதத்தைக்கூடவா மாற்றுவார்கள்? மாற்றியிருக்கிறார்கள்! 12, 13ஆம் நூற்றாண்டுகளில் பிரபுக்கள் இந்த முறையையே கலைத்து நிலத்தைக் குத்தகைக்கு விடத் தொடங்கியதற்கு மையர்களின் இந்த மிடுக்கும் ஒரு காரணம்.

கொம்பை மறந்துவிடாதீர்கள். சுமார் ஒன்பது நூற்றாண்டு தாண்டி வருகிறேன். அதற்குள் மையர் என்ற பெயர் மலிந்து போய்விட்டது. ‘அப்படி மட்டும் நடந்தால் என் பெயர் மையர்’ என்று ஜெர்மானியர் சபதம் போடுவது வழக்கமாகிவிட்டது. நம் ஊரில் ‘என் பெயரை மாற்றிக்கொள்கிறேன்’ என்பார்களே, அதுதான். ஹிட்லரின் விமானப் படைத் தலைவர் கோரிங், எதிரி விமானம் வந்தால் என்னை மையர் என்று கூப்பிடலாம் என்று மார்தட்டியதாகச் சொல்வார்கள். பெர்லின் வரை வந்தால் என்று சொன்னதாகச் சிலர், மேற்கே தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதிக்கு வந்தால் என்று சொன்னதாகச் சிலர். 1940 ஆகஸ்ட் 25 இரவு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லின் மீது குண்டு போட்டன. அவை அதோடு நிற்கவில்லை. ஊர் வாயை மூட முடியுமா? கோரிங்குக்கு வேட்டைப் பித்து. நாட்டின் தலைமை வேட்டை அதிகாரி என்ற பட்டமும் வைத்திருந்தார். விமானத் தாக்குதல் சங்கு ஒலித்தபோதெல்லாம் மக்கள் அதை ‘மையரின் வேட்டைக் கொம்பு’ என்றார்கள். துறவி எக்கேஹார்ட் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு விரல் காட்டுகிறார். பாதி நேரத்தைக் கொம்பு தின்றுவிட்டது. மிச்சத்தை ஓட்டமாகச் சொல்கிறேன். எல்லா மையரும் காரியக்காரர் வழி அல்ல. யூதர்களிடம் மெயிர் என்று ஓர் எபிரேய ஆண் பெயர் உண்டு. ஒளி தருபவர் என்று பொருள். ஆஸ்திரியாவில் 1787இலும் பிரஷ்யாவில் 1812இலும் யூதர்கள் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தபோது பல மெயிர்கள் மையர் ஆனார்கள். இஸ்ரேலில் அது திரும்பவும் நடந்தது, தலைகீழாக. பின்னாளில் இஸ்ரேல் பிரதமரான கோல்டா மெயிர் அம்மையாரின் கணவர் குடும்பப் பெயர் மையர்சன். 1956இல் வெளியுறவு அமைச்சரானபோது அதை எபிரேய வடிவத்தில் மெயிர் என்று மாற்றிக்கொண்டார். ஆங்கிலப் படத் தொடக்கத்தில் கர்ஜிக்கும் சிங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தின் மேயரும் ரஷ்யப் பேரரசில் மெயிராகப் பிறந்தவர்தான்.

சுவிட்சர்லாந்தின் மையர்களும், நகைச்சுவை இதழில் பிறந்து ஒரு காலகட்டத்துக்கே பெயரான பீடர்மையரும் குறிப்பிலேயே நின்றுவிட்டார்கள். நிலையத்தார் மறுபடி கூப்பிட்டால் அவர்களோடு வருகிறேன். நன்றி, வணக்கம்.