கோப்பில் எழுதப்படும் மறுப்பு

நேயர்களுக்கு வணக்கம். இந்திய ஆட்சிப் பணிக்கான தேர்வைப் பற்றி வீடுதோறும் பேசுகிறோம். தேறியவர் பதவியில் அமர்ந்தபின் கோப்பில் என்ன எழுதுகிறார் என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

கம்பெனி காலத்தில் இப்பதவிகள் இயக்குநர்களின் சிபாரிசால் கிடைத்தன. 1853ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் போட்டித் தேர்வுக்கு வழிவிட்டது. ஆனால் தேர்வு லண்டனில் நடந்தது. 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராகத் தேறினார். இந்திய மண்ணில் அத்தேர்வு நடக்க 1922 வரை காத்திருக்க நேர்ந்தது.

விடுதலை வந்ததும், போராடியவர்களைச் சிறைக்கு அனுப்பிய அதே நிர்வாகத்தை எதற்காகத் தொடர வேண்டும் என்று பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 1949 அக்டோபர் 10 அன்று அரசியல் நிர்ணய சபையில் அதற்கு விடை சொன்ன வல்லபபாய் படேலும் அந்தச் சிறைகளில் பல ஆண்டுகளைக் கழித்தவரே. தம் கருத்துக்கு மாறான குறிப்பைத் தம் செயலாளர் எழுதலாம், அமைச்சரின் மனம் கோணுமே என்று அஞ்சி உண்மைக் கருத்தை மறைப்பவர் விலகிவிடுவதே நல்லது என்று அவர் சொன்னார். தம் பேச்சை மறுக்கும் உரிமையைத் தமக்குக் கீழே பணியாற்றுவோருக்கு ஓர் அமைச்சர் தாமாகவே வழங்கியதை இன்று படித்தாலும் நெஞ்சு நிறைகிறது.

குற்றச்சாட்டைத் தெரிவித்து, விசாரித்து, விளக்கம் கேட்காமல் அரசு ஊழியரைப் பொதுவாகப் பணி நீக்கமோ பதவியிறக்கமோ செய்யக்கூடாது என்கிறது அரசியலமைப்பின் 311ஆம் பிரிவு. தலைமைச் செயலாளருக்கு மட்டுமன்றி, அலுவலக உதவியாளருக்கும் இக்காப்பு உண்டு. சோம்பேறிகளுக்கு இதுவே கேடயமாகிவிட்டது என்ற குறை உண்மைதான். ஆனாலும், ஆற்றுமணல் குத்தகைக்கு எதிராகக் குறிப்பு எழுதும் அதிகாரிக்கு வேறு துணை ஏது?

இடமாற்றத்துக்கு இப்பிரிவு பொருந்தாது. ஆகவே பிடிக்காதவரை அடிக்கடி மூட்டை கட்ட வைத்தாலே போதும் என்றாகிவிட்டது. முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் பலரும் தொடுத்த வழக்கில், 2013இல் உச்ச நீதிமன்றம், வாய்மொழி உத்தரவுகளை எழுத்தில் பதிய வேண்டும், ஒரே பதவியில் குறைந்தபட்சக் காலம் இருக்க விட வேண்டும், இடமாற்றங்களைப் பரிந்துரைக்கக் குடிமைப் பணி வாரியங்களை அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. வாரியத்தின் பரிந்துரையை மீறினால், அரசியல் தலைமை அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அக்காரணங்களை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நன்றி, வணக்கம்.