கோலெரெ: ஒரு லத்தீன் வினைச்சொல்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைப்பை ஏற்று இவ்வளவு தூரம் வந்திருக்கும் கல்லூரி முதல்வர் ஐயா அவர்களே, மண்டபத்தைத் தந்து ஒலிபெருக்கிக்கும் ஏற்பாடு செய்த பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியப் பெருமக்களே, பள்ளிவிட்டதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் வந்திருக்கும் மாணவச் செல்வங்களே, நாற்காலி போட்டதிலிருந்து தேநீர் வரைக்கும் பார்த்துக்கொண்ட நூலகர் அம்மா அவர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

லத்தீன் மொழியையே அறிமுகம் செய்துவிடுங்களேன் என்றார்கள் அமைப்பாளர்கள். ‘அகல உழுவதை ஆழ உழு’ என்பார்கள் நம் பெரியவர்கள். அதனால் ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டேன்: கோலெரெ. நிலத்தைப் பயிரிடுவது, ஓரிடத்தில் குடியிருப்பது, தெய்வத்தை வழிபடுவது என்று மூன்று பொருள் அதற்கு. கோலோ, கோலெரெ, கோலுயி, குல்தும் என்பவை அதன் நான்கு வடிவங்கள். இன்று அந்த மூன்று பொருளையும் பார்ப்போம்.

முதலில் நிலம். கி.மு. 458 என்று சொல்லப்படும் கதை. ரோமின் கான்சல், அதாவது ஆட்சித் தலைவர் மினூக்கியுஸ், அல்கிதுஸ் மலைப்பக்கம் ஐக்குவி இனத்தாரிடம் படையோடு மாட்டிக்கொண்டார். முகாமைச் சுற்றி எதிரி. ரோமில் கலக்கம். யாரைக் கூப்பிடுவது? சின்சினாட்டுஸைக் கூப்பிடுங்கள் என்றார்கள். அவர் எங்கே? தீபெர் ஆற்றுக்கு அந்தப் பக்கம், தம் வயலில்! “நான்கு யூகெரும் நிலத்தைக் கோலேபாத்”, அதாவது பயிரிட்டுக்கொண்டிருந்தார் என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் லிவியுஸ். நம் கணக்கில் சுமார் இரண்டரை ஏக்கர். மண்வெட்டியை ஊன்றி வாய்க்கால் வெட்டினாரோ, ஏர்தான் ஓட்டினாரோ, ஏதோ வயல்வேலை. செனட்டின் தூதர்கள் வந்து, மேலாடை உடுத்திக்கொண்டு செய்தியைக் கேளுங்கள் என்கிறார்கள். “எல்லாம் நலம்தானே?” என்று பதறிக் கேட்டார் மனிதர். குடிசையிலிருந்து மேலாடையை எடுத்துவரச் சொல்லி மனைவி ராசிலியாவிடம் குரல் கொடுத்தார். புழுதியையும் வியர்வையையும் துடைத்து, ஆடையைப் போர்த்தி நின்றார். நீங்கள்தான் இனி சர்வாதிகாரி என்று வணங்கினார்கள்! படையோடு போனார், எதிரியை வளைத்தார், கான்சலை மீட்டார். ஆறு மாதப் பதவி. பதினாறாம் நாளே துறந்தார். அந்த மனிதரின் வேலைக்கு லிவியுஸ் கையிலெடுத்த வினைதான் கோலெரெ. கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி.

அப்புறம் குடியிருத்தல். உழுதவன் அங்கேயே தங்குகிறான். குடியேற்றம் என்ற பொருள்தரும் கொலோனியா இதிலிருந்து பிறந்தது. கி.பி. 50-இல் ரோமானியக் கொலோனியா ஆன ஊர்தான் இன்றைய ஜெர்மனியின் கொலோன் நகரம். வழிபாட்டுக்கு வந்தால், ‘தேயோஸ் கோலெரெ’ என்பது தெய்வங்களைப் போற்றுவது. தெய்வத்தை மட்டுமல்ல, நண்பரைப் பேணுவதற்கும் இதே வினைதான். தத்துவம் என்பது மனத்தை உழும் உழவு என்றார் ரோமானியச் சிந்தனையாளர் சிசெரோ. அங்கே உழவு என்ற பொருளில் வரும் குல்தூரா என்ற சொல்லுக்கும் வேர் இதுவே. அகல உழுவதை ஆழ உழு!

இப்போது நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். வீரமாமுனிவர் தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார். அது 1738-இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனார். உழவு அதிகாரம் அந்தப் பொருட்பாலில்தான் இருக்கிறது. அவரும் அவர் வழிவந்த பாதிரிமார்களும் எழுதிய அகராதிகள், வந்தவர்கள் தமிழ் கற்க உதவின. நம் பிள்ளைகள் லத்தீன் கற்க, ஆங்கிலத்தின் தயவில்லாமல் நேரே தமிழில் பொருள் சொல்லும் எளிய அகராதி ஒன்று வேண்டும். இன்றைய தமிழில் வேண்டும், பள்ளிப் பிள்ளை வாங்கும் விலையில் வேண்டும். ஆயிரக்கணக்கான சொற்களை ஒரே மூச்சில் தொகுக்கச் சொல்லவில்லை. அகல உழுவதை ஆழ உழு என்கிறேன். முதல் தொகுதியில் வினைச்சொற்கள் மட்டும் போதும். ஒவ்வொரு வினைக்கும் எல்லாப் பொருளும், பொருளுக்கு ஓர் எடுத்துக்காட்டும் இருக்கட்டும். லத்தீன் கற்ற குருமார்களும் இங்கே அமர்ந்திருக்கும் தமிழாசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தால் நடக்கிற வேலைதான்.

பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்தை முதல்வர் ஐயா போட வேண்டும் என்று இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.