கண்ணுக்குள்ளும் பிரஷரா?

[காட்சி: மலேசியாவின் சுங்கை சிப்புட். செம்பனைக் குலை ஏற்றிய லாரி கடக்கிறது. அரசாங்க கிளினிக்கின் பெஞ்சில் ஏழு மாதக் கர்ப்பிணி, மடியில் கர்ப்பகாலச் செக்கப் விவரம் எழுதும் பிங்க் புத்தகம்.]

குரல்: பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிறாள், "அக்கா, கண்ணாடி போட்டும் நம்பர் போர்டு மங்கலாத்தான் தெரியுது. கண்ணுல பிரஷரா இருக்குமோ?"

தோட்டப்பக்கம் பிரஷர் என்றாலே இரத்த அழுத்தம்தான். கண்ணழுத்தம் வேறு.

[காட்சி: கண்ணின் குறுக்குவெட்டு, நீலக் கோடாக நீரோட்டம்]

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஓரத்து வடிகாலில் இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த வரவுசெலவுதான் கண்ணழுத்தம். பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம். கர்ப்பத்தின் பிற்பாதியில் ஹார்மோன் மாற்றத்தால் வடிகால் தாராளமாகிறது. அழுத்தம் பலருக்கு 2, 3 மி.மீ. இறங்குகிறது. ஆமாம், ஏறவில்லை, இறங்குகிறது! பிரசவத்துக்குப் பின் மெல்லப் பழைய அளவுக்குத் திரும்பும்.

சரி, மங்கல் ஏன்? மோதிரம் இறுகும் அளவுக்கு உடம்பு நீர் கோக்கிறதே, கருவிழிப் படலமும் அப்படியே லேசாகத் தடிக்கிறது. கண்ணும் வறளும், காண்டாக்ட் லென்ஸ் உறுத்தும். இதற்காக இப்போதே புதுக் கண்ணாடி வாங்கினால் காசுதான் வீண். பிள்ளை பிறந்து சில மாதம் போகட்டும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

கிளாக்கோமாவுக்கு, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண்ணழுத்த நோய்க்கு, சொட்டு மருந்து விடுபவர்கள் தாங்களாக நிறுத்தவும் கூடாது, டாக்டரிடம் சொல்லாமல் தொடரவும் கூடாது. பிரிமோனிடின் என்ற சொட்டு, தாய்ப்பால் வழியே பச்சைப்பிள்ளையின் மூச்சைப் பாதிக்கலாம் என்பதால் அப்போது தவிர்ப்பார்கள்.

[காட்சி: நெருக்கத்தில் ஒரு விரல், மூக்கோரக் கண்முனையில்]

சொட்டு விட்டதும் கண்ணை மூடி, இந்த இடத்தை இரண்டு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மருந்து மூக்குவழி இறங்கி இரத்தத்தில் கலப்பது குறையும்.

பயப்பட வேண்டியது அந்த இன்னொரு பிரஷருக்கு. 20 வாரத்துக்குப் பிறகு இரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டு, கண்முன் மின்னல் வெட்டினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ, திடீரென மங்கினாலோ, அது பிரிஎக்ளாம்சியா என்ற ஆபத்தான கர்ப்பகால இரத்த அழுத்த நோயாக இருக்கலாம். கூடவே கடுமையான தலைவலியும் வரலாம். அடுத்த செக்கப் தேதிவரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கனவே இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் கர்ப்பம் உறுதியானதுமே விழித்திரையைக் காட்டிவிட வேண்டும்.

[காட்சி: பெயர் கூப்பிடுகிறார்கள்; அவள் எழுந்து போகிறாள்]

கண் மங்குகிறது என்றாள். நர்ஸ் மிஸ்ஸி முதலில் கையில்தான் பிரஷர் பட்டையைச் சுற்றுகிறார். 118/76. பிங்க் புத்தகத்தில் எழுதிக்கொண்டே கேட்கிறார், "மின்னல் மாதிரி ஏதாச்சும் தெரிஞ்சுதாம்மா?"